கண்ணளவு உப்பு

பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'கண்ணளவு'. அடுப்படிக்குள் நுழைந்த நாளிலிருந்து கரண்டி, கிண்ணம் என்று எதையும் வைத்து அளந்தவள் இல்லை. கையில் எடுப்பாள், ஒரு பார்வை பார்ப்பாள், போடுவாள். அச்சுப் பிசகாமல் வரும். வந்துகொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. அந்த அளவுக்கு என்ன ஆயிற்று என்பது அந்த வெள்ளிக்கிழமை வரை அவளுக்குத் தெரியாது.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர். மாத முடிவில் ஓய்வு பெறப்போகிறார். பென்ஷன் எல்லாம் கிடையாது. அதற்கப்புறம் வீடு ஓட வேண்டியது அவளுடைய மதியச் சாப்பாட்டுத் தொழிலில்தான். போன வருடம் கணவர்தான் ஆரம்பித்து வைத்தார். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் வெளியில கண்டதையும் வாங்கித் தின்னு வயித்தக் கெடுத்துக்கறாங்க. நீ செஞ்சு குடு, நான் கொண்டு போறேன்" என்றார். சொன்ன வாரமே அவர் பிரிவில் அத்தனை பேரும் சேர்ந்துவிட்டார்கள். இப்படி ஒரு ராசி யாருக்கு அமையும் என்று அவள் பூரித்துப் போனாள். காலையில் பெரிய பையில் டப்பாக்கள் அவரோடு காரில் போகும், சாயங்காலம் காலியாகத் திரும்பும்.

"என்ன சொன்னாங்க?" என்று தினமும் கேட்பாள்.

"சூப்பர்னு சொன்னாங்க" என்று தினமும் சொல்வார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அந்த நம்பிக்கையில் அடுப்படிக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடித்துப் பெரிதாக்கத் துணிந்துவிட்டாள். கையிலிருந்த சேமிப்பு முழுவதும் அதற்குத்தான். கொத்தனார் சனிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு.

விஷயத்தைக் கேட்டதும் தங்கை போனில் ஒரு பிடி பிடித்தாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்து விற்கிறவள். வீட்டுத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"அக்கா, சுவர இடிக்கிறதுக்கு முன்னாடி வாங்குறவங்க மூஞ்சிய ஒரு தடவையாவது பாத்தியா? நான் தச்ச திரைய நானே கொண்டு போய் மாட்டிட்டு, அவங்க மூஞ்சியத்தான் பாப்பேன். வாய் நல்லாருக்குன்னு சொல்லும். மூஞ்சி உண்மையச் சொல்லிடும்."

"உங்க மாமா தெனமும் பாக்கறாரேடி."

"மாமா வீட்டு ஆளு. வெளியாள் ஒருத்தர் ருசி பாத்துச் சொல்லணும். அப்புறம் அந்தக் கண்ணளவ விட்டுட்டு ஒரு தராசு வாங்கு. வீட்டுக்குக் கண்ணளவு போதும், வியாபாரத்துக்குப் போதாது."

"டப்பா வழிச்சு வச்ச மாதிரி காலியா வருது. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

தங்கை பேச்சை மாற்றிவிட்டாள். அக்காவின் சமையலைக் குறை சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தில் நிம்மதியாக இருந்தவர்கள் குறைவு.

இங்கே உப்புக் கதையையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் கணவருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார். அன்றே அவளும் நிறுத்திவிட்டாள். அவர் வாய்க்குக் கிடைக்காதது தன் வாய்க்கு மட்டும் எதற்கு என்கிற எண்ணம். முதலில் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. பிறகு பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்றால், ஒரு சிட்டிகை விழுந்தாலே கரிக்கிறது என்று முகம் சுளிக்கிற நாக்காகிவிட்டது. அந்த நாக்கை நம்பித்தான் ஆபீஸ் டப்பாக்களுக்குத் தனியாக உப்புப் போட்டாள். அதுவும் கண்ணளவாக.

இத்தனை செய்தும் அவருக்கு அழுத்தம் இறங்கவில்லை. போகும்போதெல்லாம் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். "வீட்டுல உப்பக் கொறைக்கவே இல்லையாம்மா?" என்று அவளைத்தான் முறைத்தார். அவள் கூனிக்குறுகி வந்து, தன் கை தவறி ஆபீஸ் உப்பு அவர் டப்பாவிலும் விழுந்துவிடுகிறதோ என்று ஆபீஸ் பாத்திரத்திலும் இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

வியாழக்கிழமை கணவர் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. வெள்ளிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை.

"நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன்" என்றாள். தங்கை சொன்னதும் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

"நீ எதுக்கு அலையற? கம்பெனி டிரைவர வரச் சொல்றேன்." கணவர் படுக்கையிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். வலியில் முகம் கோணியது. தன்மேல் இத்தனை அக்கறையா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம், அதை வேறு நினைத்துக்கொண்டே டாக்சி பிடித்தாள்.

கம்பெனியின் பின்பக்கம் ஒர்க்‌ஷாப். கிரீஸ் வாடை, சுவரோரம் சுருட்டி வைத்த இரும்புக் கயிறுகள், கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவுகள். அதைத் தாண்டிச் சாப்பாட்டு அறை. அடுப்படிப் புடவையோடு பையைச் சுமந்து உள்ளே வந்தவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் பையில் ஒரு கை கொடுத்தாள்.

"சார் வரலையா? நீங்க சார் வீட்டுல வேல பாக்கறீங்களா?"

"ஆமா. அடுப்படியில" என்றாள் கண்ணளவு. பொய் இல்லையே. ஒரு வேடிக்கைக்காகத்தான் சொன்னாள். கடைசியில் நான்தான் அந்த வீட்டம்மா என்று சொன்னால் எல்லோரும் எப்படி எழுந்து நிற்பார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

டப்பாக்கள் திறந்தன. யாரும் உடனே வாயில் வைக்கவில்லை. ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். இன்னொருவர் கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பேனருக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். ஸ்டோர் அம்மாள் கைப்பைக்குள் துழாவினாள். வெள்ளையாக என்னவோ எல்லா டப்பாவிலும் விழுந்தது. அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. உப்பு.

எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் மெக்கானிக் ஒருவன், கொண்டுவந்த உப்பு தீர்ந்துபோய் அக்கம்பக்கம் கை நீட்டினான்.

"சார் மேசையிலதான் பெரிய பாட்டில் இருக்கே, போய் எடுத்துக்கோ" என்றாள் ஸ்டோர் அம்மாள். பிறகு சுவரோரம் நின்றவளைப் பார்த்து, "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. சமைக்கிறது நீங்களா, அந்த அம்மாவா?" என்று கேட்டாள்.

"அந்த அம்மாதான்."

"அதானே. கை சுத்தம், காய் பொடியா நறுக்கறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாயில வச்சா சப்புன்னு இருக்கு. தலைவர் வீட்டுச் சாப்பாடு, வேணாம்னு யார் சொல்றது? ரெண்டு வாய் தின்னுட்டு மிச்சத்தக் குப்பையில கொட்டி, டப்பாவக் கழுவி வச்சிடுவோம்."

"இந்த மாசம் மட்டும்தானே" என்றான் நெட்டை, சோற்றை மென்றபடியே பாட்டிலை எடுக்க எழுந்துகொண்டு. "சார் ரிட்டயர் ஆனதும் நமக்கும் விடுதலை."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. காலியாக வந்த டப்பாக்களைத் தினமும் நெஞ்சோடு அணைக்காத குறையாக வாங்கி வைத்தது நினைவுக்கு வந்து, எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

"சாருக்குத் தெரியுமா?" என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"தெரியாம என்ன? எங்களுக்கு இந்த உப்பு வழியக் காட்டினதே சார்தான். அவர் எங்களவிடத் தாராளமாப் போட்டுக்குவார்" என்றாள் ஸ்டோர் அம்மாள்.

நெட்டை அந்தப் பாட்டிலோடு திரும்பி வந்தான். சிவப்பு மூடி, மூடியில் விரிசல், விரிசல்மேல் அவளே ஒட்டிய டேப். உப்பை நிறுத்திய நாளில் அடுப்படியின் மேல்தட்டில் ஏற்றி வைத்த பாட்டில். பிறகு காணாமல் போனபோது, பாத்திரம் துலக்க வரும் பெண்ணைச் சந்தேகப்பட்டு வாய்க்கு வந்தபடி பேசியிருந்தாள்.

அவள் நெட்டையின் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஸ்டோர் அம்மாளுக்கு மட்டும் என்னவோ பிடிபட்டு முகம் வெளிறிவிட்டது.

"அம்மா... நீங்க..."

"உப்பு எவ்வளவு போட்டா சரியா இருக்கும்? ஒரு ஆளுக்கு. கையில எடுத்துக் காட்டுங்க" என்றாள் அவள்.

ஸ்டோர் அம்மாள் விரலால் எடுத்துக் காட்டினாள். தான் மொத்தப் பாத்திரத்துக்கும் போடுகிற அளவு அது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நாக்குக் கெட்டிருந்தாலும் அந்தக் கண் இன்னும் பழுதாகவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் மடியில் பாட்டில். வெட்கத்தை ஓரம் தள்ளிக்கொண்டு இப்போது வேறொன்று வந்தது. இத்தனை வருடமாகக் குறையாத அழுத்தம், கூடிக்கொண்டே போன மாத்திரை, டாக்டரின் முறைப்பு. எல்லாவற்றுக்கும் காரணம் தன் கை என்று நினைத்து அவள் அழுதிருக்கிறாள். அந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "விடு, நீ என்ன செய்வ" என்று தேற்றியிருக்கிறார்!

கணவர் காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். அவள் உள்ளே வந்ததும் முந்திக்கொண்டு, இன்றைக்கு அவர் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"சூப்பர்னு சொன்னாங்க."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அவள் பாட்டிலை அவர் வயிற்றுக்குப் பக்கத்தில் கட்டிலில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அதையே பார்த்தார். மாட்டிக்கொண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"உப்பு பத்தலைன்னு ஒரு வார்த்த சொல்ல முடியலையா உங்களுக்கு?"

"சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பியே" என்றார் மெதுவாக. "நீ எனக்காக நாக்கக் கட்டிப் போட்டவ. நான் திருட்டுத்தனமாத் தின்னுட்டிருக்கேன்னு எந்த வாயால சொல்றது? உன் மனசு ஒடஞ்சிடுமேன்னு..."

"என் மனசப் பத்தி பேசாதீங்க. உங்க நாக்கக் காப்பாத்திக்கிட்டீங்க."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கொத்தனார்.

"அம்மா, நாளைக்குக் காலையில ஆளுங்களோட வந்துரட்டுமா? சுவத்த ஒரே நாள்ல இடிச்சிடலாம்."

அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள். இடித்திருந்தால் அடுத்த மாதம் பெரிய அடுப்படியும் காலிக் கையும்தான் மிஞ்சியிருக்கும்.

"ஆளுங்க வேணாம். நீங்க மட்டும் மதியம் வாங்க. சாப்பாடு போடறேன், தின்னுட்டு உள்ளத உள்ளபடி சொல்லணும். நல்லாருக்குன்னு மட்டும் சொன்னீங்க, சுவரும் கிடையாது, வேலையும் கிடையாது."

போனை வைத்துவிட்டுத் தங்கையிடம் தராசு எங்கே கிடைக்கும் என்று கேட்க நினைத்தாள். அதற்கு முன் பாட்டிலைக் கையில் எடுத்தாள். ஒர்க்‌ஷாப்பில் வாங்கியபோதே அது கனமில்லாமல் இருந்தது இப்போதுதான் உறைத்தது. அன்று மேல்தட்டில் ஏற்றியபோது கழுத்துவரை நிறைந்திருந்தது. இப்போது அடியில் ஒரு விரல்கடைகூட இல்லை. ஆனால் இத்தனை வருடத்துக்கு ஒரே பாட்டில் உப்பு வந்திருக்காது.

"எத்தன தடவ இத மறுபடி நெறச்சீங்க?" என்றாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமெல்லாம் அப்படியே வடிந்து, அத்தனை உப்பும் அவர் உடம்புக்குள் போயிருக்கிறதே என்ற பயம்தான் மிஞ்சியது அவளுக்கு. டாக்டரின் நம்பரைத் தேடி போனில் அழுத்தினாள்.