விலாவில் ஒரு கூட்டல் குறி

சங்கரசுப்பிரமணியன் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது மாற்ற முடியாத சட்டம். சட்டம் போட்டவள் மனைவி பிரம்மநாயகி. கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிற உடம்பென்றால் மட்டும் சட்டம் வளைந்துவிடுமா? நல்லெண்ணெயைக் காய்ச்சி, சீயக்காய் போட்டு, உடம்பு சிவக்கத் தேய்த்துவிட்டாள். துவட்டும்போதுதான் கவனித்தாள். ஆஸ்பத்திரியில் அவர் உடம்பில் போட்டிருந்த மூன்று கூட்டல் குறிகளில், இடது விலாப்பக்கத்துக் குறியைக் காணோம்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலது சிறுநீரகத்தை ஆறு வருஷத்துக்கு முன்பே எடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் ஒன்றிலும் இப்போது கட்டி. கத்தி வைத்தால் அதுவும் போய்விடலாம் என்றுதான் கட்டியை மட்டும் குறிபார்த்துக் கதிர் விடுகிறார்கள். ஐந்து தடவையில் இரண்டு முடிந்திருந்தது. குறி அழியக்கூடாது என்று டெக்னீஷியன் பிரிஸில்லா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஒரு கூட்டல் குறி போடவா தெரியாது? பேனாவை எடுத்தாள். "அசையாம இருங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு" என்று சொல்லி, ஞாபகத்திலிருந்து போட்டுவிட்டாள். கண்ணாடி போடாத மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே படுக்கவைத்துக் கனத்த கதவைச் சாத்தினார்கள். ஒரு விரற்கடை தள்ளிப் போட்டிருந்தால்? பிரம்மநாயகி எழுந்து கண்ட்ரோல் அறைக்குள் ஓடினாள்.

"நிறுத்தும்மா! அந்தக் குறிய நான்தான் போட்டேன்!"

பிரிஸில்லா திரும்பினாள். "பதறாதீங்க ஆச்சி. இன்னும் கதிர் விடல. ஒவ்வொரு தடவையும் முதல்ல உள்ள படம் எடுத்து, பழைய படத்தோட ஒத்துப் பாக்குதோம்லா. ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்துச்சு, மேசைய நகத்தியாச்சு. தோல்ல போடுதது சரியாப் படுக்க வைக்கதுக்குத்தான். இனி அழிஞ்சா போன் பண்ணுங்க, நீங்களா வரையாதீங்க."

பிரம்மநாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அரைமணி நேரத்தில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார்.

"படுத்த உடனேயே நான் பிரிஸில்லாகிட்ட சொல்லிட்டேன் பிரம்மு. பிசுக்கு எடுக்கதுக்குப் பேனா எதுக்கு?"

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா ரெண்டு நாளும் ஒனக்குச் சோறு எறங்கியிருக்காதே."

அந்த இரண்டு நாளும் வழக்கமில்லாத வழக்கமாக, வேளைக்கு வேளை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னவர் அவர்தான்.