அது நிஜமாகவே கோணல்

கொஞ்ச நாளாக எனக்கு நேராக இருப்பதெல்லாம் வளைந்து தெரிகிறது. கதவு நிலை, கரண்ட் கம்பம், மாதா கோயில் கோபுரம் எல்லாமே. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கண்டெய்னரைத் தூக்கி லாரிமேல் இறக்க வேண்டும். கீழே நின்று கை காட்டுகிறவன் மஜீது. அவன் தலைக்கு மேல் இரும்புப்பெட்டி ஆடும்போதெல்லாம் இரண்டு மூன்று தடவை உற்றுப் பார்த்துத்தான் இறக்குகிறேன்.

வெளியே சொன்னால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டால் இந்த வால்டருக்கு வேறு என்ன தெரியும்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன், பெரிய புத்திசாலி மாதிரி. எது கோணலாகத் தெரிந்தாலும் நேர்தான் என்று அடித்துச் சொல்லிவிடுவது. என் மனைவி ஆலிஸ் சுவரில் படம் மாட்டிவிட்டு “நேரா கீதா?” என்று கேட்டபோதும் அப்படித்தான் தப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகள் கரோலின் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். டெலஸ்கோப் எடுத்த படங்களைப் பார்த்து வகை பிரிப்பது அவள் வகுப்புக்குக் கொடுத்திருக்கும் வேலை.

“அப்பா, இந்த கேலக்ஸிய பாரேன். எப்டி கீது?”

பார்த்தேன். சுருள் சுருளாக வெளிச்சம், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கத்துக் கை தடித்து நீண்டிருந்தது. மறுபக்கம் சூம்பிப்போயிருந்தது. ஐயோ, என் கண் இவ்வளவு மோசமாகிவிட்டதா?

“சூப்பரா கீதும்மா. தட்டு மாதிரி வட்டமா, ரெண்டு பக்கமும் ஒரே சைஸு.”

கரோலின் சிரித்தாள். “இன்னாப்பா, கலாய்க்கிறியா? கோணலா கீதேன்னுதான் உன்னாண்ட காட்டுனேன். இது நெஜமாவே கோணல்ப்பா. பக்கத்துல போன இன்னொரு கேலக்ஸி இழுத்து இப்டி ஆகியிருக்கலாம்.”

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, தன் கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள்.

“இப்ப இன்னா தெரியுது?”

ஓரத்துச் சுருள்கள் நெளிந்துகொண்டு தெரிந்தன. நடுவில் பளிச்சென்று இருந்த இடத்தைக் காணோம். அங்கே கரி பூசினாற்போல ஒரு இருட்டு.

“நடுவுல ஒண்ணுமே இல்லம்மா.”

“நாளைக்கு கிரேனுக்குக் கீழ யாருப்பா நிப்பாங்க?”

போனை எடுத்து மஜீதையே கூப்பிட்டேன்.

“மஜீது, நாளைக்கு நான் ஏறலடா. கண்ணு சரியில்ல. டாக்டராண்ட போறேன்.”



“தெரியும்ண்ணே,” என்றான். “பொட்டி கோணலா எறங்கும்போதே தெரியும். உன் பொழப்பு பூடுமேன்னு வாயத் தொறக்கல. உசுரு போறப்ப சொல்ற கலிமாவ தெனமும் சொல்லிகினேதான் கீழ நின்னேன்.”