லோரி ஏறிய செயற்கைக்கோள்

செந்தூலில் படிக்கும் தாமரைக்கும் கௌசலாவுக்கும் வயது பதினாறு. இருவரும் சேர்ந்து மூன்று மாதமாக செயற்கைக்கோள் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். குளிர்பானத் தகர டப்பா அளவுதான் இருக்கும். ட்ரோன் அதை இருநூறு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அது பாரசூட்டில் இறங்கிக்கொண்டே வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் கீழே அனுப்ப வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள் தகரத்தைத் தேடி எடுத்து நடுவர் மேசையில் வைக்க வேண்டும். பள்ளிகளுக்கான போட்டி, கிள்ளானில் ஒரு திடலில் நடந்தது.

பாரசூட்டின் அகலம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று கௌசலா கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். தைத்தது தாமரை. தகரம் விழுந்து உடைந்துவிடுமோ என்ற பயத்தில், யாரிடமும் சொல்லாமல் அம்மாவின் குடைத்துணி முழுவதையும் போட்டுத் தைத்துவிட்டாள். தொண்ணூறு.

ட்ரோன் தகரத்தை விட்டதும் பாரசூட் விரிந்தது. விரிந்துகொண்டே போனது.

கௌசலா நிமிர்ந்து பார்த்தாள். "ஏய், இது பாரசூட்டா, கல்யாணப் பந்தலா?"

"கொஞ்சம் சேஃப்டிக்கு லா," என்றாள் தாமரை.

காற்று அடித்தது. தகரம் அவசரமே இல்லாமல் மிதந்து, திடலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சாலைப் பக்கம் மறைந்தது. கௌசலா மடிக்கணினியில் தகரத்தின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தாள்.

"இறங்கிடுச்சு. ஆனா ஓடுது."

"என்னது?"

"மணிக்கு நாற்பது கிலோமீட்டர். உன் சாட்டிலைட் லோரி ஏறிடுச்சு."

சற்று நேரத்தில் சிக்னலும் போனது. தாமரைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அவர்களை அழைத்து வந்திருந்த புனிதா டீச்சரின் தொலைபேசி அடித்தது. விதிப்படி தகரத்தின்மேல் அவர் எண்ணை ஒட்டியிருந்தார்கள்.

"மேடம், காப்பார்ல ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்கிறேன். என் காய்கறிக் கூடை மேல ஒரு தகரம் சிவப்பா கண்ணடிக்குது. வெடிக்குமா?"

மூவரும் காரில் விரைந்தார்கள். லோரிக்காரர் தம்புசாமி தன் லோரியிலிருந்து பத்தடி தள்ளி, தலையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார்.

"லோரி ஓட்ட எதுக்குண்ணே ஹெல்மெட்?" என்றாள் கௌசலா.

"பக்கத்துல நின்ன மோட்டார்சைக்கிள்காரன்கிட்ட இரவல் வாங்கினேன் பாப்பா. உசுரு முக்கியம்."

தாமரை லோரியில் ஏறிக் கூடைமேல் இருந்த தகரத்தை எடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

திடலுக்குத் திரும்பியபோது ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. பரிசுக்கு வாய்ப்பில்லை. ஆனாலும் நடுவர் தகரத்துக்குள் இருந்த பதிவை வாங்கிப் பார்த்தார். மற்ற அணிகளிடம் அரை நிமிடப் பதிவு. இவர்களிடம் காப்பார் சாலை முழுவதும் இருந்தது.

"பாரசூட் ஏன் இவ்வளவு பெரிசு? கணக்கு தப்பா?" என்று கேட்டார்.

கௌசலா வாய் திறக்குமுன் தாமரை சொன்னாள்: "கணக்கு சரி சார். இவ சொன்னதை நான் கேட்கலை. தப்பு என்னோடது."

கௌசலா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு நடுவரிடம், "ஆனா தையலைப் பாருங்க சார், ஒரு நூல்கூட பிரியலை," என்றாள்.

வீடு திரும்பும் வழியில் தாமரை நோட்டைத் திறந்தாள். "அந்தக் கணக்கை எனக்கும் போட்டுக் காட்டு."

கௌசலா காட்டினாள். தாமரை தானாகப் போட்டுப் பார்த்தபோது முதல் விடை நான்கு மீட்டர் அகலம் என்று வந்தது.

"பரவாயில்ல," என்றாள் கௌசலா. "அதுல நாம மூணு பேருமே குதிக்கலாம்."

முன்னிருக்கையில் புனிதா டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் காரை ஓரமாக நிறுத்தினார்.