அம்மா சிரித்த இடம்

ஒரு தையல்காரப் பெண் வியாழன்தோறும் எங்கள் நூலகத்தின் ஒலிப்பிரிவுக்கு வருவாள். அவளுடைய அம்மா ஒரு கம்பெனிக்காகக் குழந்தைக் கதை படித்துப் பதிவுசெய்த ஒலிநாடா எங்களிடம் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. அம்மா இறந்து ஆறு வருடம். கதையில் நத்தை மழையோடு சண்டை பிடிக்கும் இடத்தில் அந்த அம்மா தன்னை மறந்து சிரித்துவிடுவார். அதற்காகவே இவள் வருவாள்.

நாடா ஓடி முடிந்ததும் கருவியில் ஒட்டிய பழுப்புத் தூளைப் பஞ்சால் துடைப்பேன். ஒருநாள் மறைக்க மனம் வரவில்லை.

"இந்தத் தூள்தாம்மா குரல். போடப் போட உதிருது."

"அப்ப கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்கக்கா. பக்கத்துலதானே இருக்கு."

"பிரதி எடுக்க, உரிமை வச்சிருக்கிறவங்க அனுமதி வேணும். கம்பெனியை மூடியாச்சு. உரிமை யார் கைக்குப் போச்சுன்னே தெரியல."

"எங்கம்மா குரலுக்கு நான் சொன்னா போதாதா?"

"அன்னிக்கே கம்பெனிக்காரங்க அவங்ககிட்ட உரிமையை எழுதி வாங்கிட்டாங்கம்மா."

"ஆளே இல்லாத வீட்டுக்கு எவ்வளவு பெரிய பூட்டு!" என்று சிரித்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "கடிதம் போடுங்க. பதில் வர்ற வரைக்கும் நான் கேட்கல. இதுக்கு மிச்சம் இருக்கட்டும்."

பதினொரு கடிதம் போட்டேன். ஒன்பது திரும்பி வந்தன. மற்ற இரண்டும் என்னவாயினவோ.

வியாழக்கிழமை வருவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. வாசலில் நின்று, ஆஸ்பத்திரியில் விசாரிப்பதுபோல, "நல்லா இருக்காங்களா?" என்பாள். "இருக்காங்க" என்பேன். போய்விடுவாள்.

பிறகு ஒருநாள் மூன்று மாதப் பெண் குழந்தையோடு வந்தாள். "ஒரே ஒரு தடவைக்கா."

போட்டேன். கிரீச்சென்று ஒரு சத்தம். இத்தனை மாதம் ஓடாமல் பெட்டிக்குள் இருந்ததில் நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நிறுத்துவதற்குள் பூச்சு முழுவதும் உரிந்து, என் கையில் கண்ணாடிபோல வெறும் பிளாஸ்டிக் பட்டை மிஞ்சியது.

"நான் கேட்காமத்தானே இருந்தேன்" என்றாள்.

அந்த அறையில் எத்தனையோ நாள் தனியாக இருந்திருக்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் பிரதி ஆகியிருக்கும். சட்டத்தை மீறவில்லை. கடவுள் கேட்டால் அதைச் சொல்ல எனக்கு நா எழுமா தெரியவில்லை.

அவள்தான் என் கையைப் பிடித்தாள். "உங்க மேல தப்பில்லக்கா."

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கேட்டுக் கேட்டுக் கதை எனக்கு மனப்பாடம். அந்த அம்மா நிறுத்திய இடத்தில் நிறுத்தி, இழுத்த இடத்தில் இழுத்துச் சொன்னேன். நத்தை மழையைத் திட்டியது.

சிரிக்க எனக்கு வரவில்லை. அந்தச் சிரிப்பு முடியும் நேரம்வரை இருவரும் சும்மா இருந்தோம். பிறகு கதையைத் தொடர்ந்தேன்.