தனி டம்ளர்

1
எண்பத்து மூன்றில், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் பையிலிருந்து சொந்த டம்ளரை எடுத்து நீட்டினார். "எனக்கு இதுல ஊத்துங்க." நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பூமிக்கு அடியில், விளக்கு வெளிச்சத்தில், கரிப்பாறையின் மேல்...'

(வேண்டாம். சுரங்கத்தை நான் பார்த்ததில்லை. டம்ளரைப் பார்த்தேன்.)

2
அவருக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்தேன். கீழ்பென்னாத்தூர்க்காரர். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பல வருஷம் பாறையில் துளை போட்டவர். ஊர் திரும்பிய பிறகும் சளி கறுப்பாகவே வந்தது. இருமலைக் கேட்டே ஊர் 'டி.பி.' என்று முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பேரனை இன்னும் தூக்கவில்லை.

டி.பி. இல்லையென்றால் பௌர்ணமிக்கு இருவரும் மலை சுற்றுவதாக மனைவி ஜோதியம்மாள் வேண்டிக்கொண்டாள்.

3
ஆஸ்பத்திரியில் கூட்டம். ஜோதியம்மாளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"டி.பி. இல்லீங்க" என்றார் டாக்டர்.

வேடியப்பனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அப்போ மாத்திரை வேணாமா சார்?"

"டி.பி.யா இருந்தா மாத்திரையில சரி பண்ணிடலாம். இது கரித்தூசு. யாருக்கும் ஒட்டாது. ஆனா போகவும் போகாது. மூச்சு கம்மியாகிட்டேதான் வரும்."

(இங்கே கொஞ்சம் ரசாயனம். நிலக்கரி பெரும்பாலும் கார்பன். கூடவே பாறைத்தூளில் சிலிக்கா வரும். நுரையீரலின் செல்கள் இரண்டையும் விழுங்கும், செரிக்க முடியாது. சிலிக்காவை விழுங்கியவை செத்துப்போகும். அந்த இடம் தழும்பாகும். தழும்பு காற்றை உள்ளே வாங்காது.)

4
"இன்னா சொன்னாரு?"

"டி.பி. இல்லியாம்."

மீதியைச் சொல்ல ஜோதியம்மாள் விடவில்லை. கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு இழுத்துப் போனாள்.

"இன்னா பெரியவரே, உங்க டம்ளர் எங்க?" என்றார் கடைக்காரர் தசரதன்.

"அதுக்கு லீவு உட்டாச்சு! ஒரே டீ போடுங்க. ரெண்டு பேரும் குடிப்போம்" என்றாள் ஜோதியம்மாள்.

பாதியைக் குடித்துவிட்டுக் கிளாஸை வேடியப்பனிடம் நீட்டினாள். "பௌர்ணமிக்கு மலை சுத்திடணும். உனக்கு மூச்சு வாங்குனா வழியில அடி அண்ணாமலை கோயில்ல உக்காந்துக்கலாம். இன்னும் ரெண்டு மாசத்துல ஓடுவே, பாரு. ஆமா, டாக்டரு வேற இன்னா சொன்னாரு?"

5
மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சொல்லிவிடுகிறார். ஒன்றில் மறைக்கிறார். மூன்றாவதில் மலைப் பாதையில் விழுகிறார். பத்திரிகை ஆசிரியருக்கு அதுதான் பிடிக்கும். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

வேடியப்பன் டீயை மெல்ல உறிஞ்சுகிறார். வாயில் டீ இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. அவள் வாய் வைத்த கிளாஸ்; அதைக் கீழே வைக்கவும் அவருக்கு மனமில்லை.

அடியில் இன்னும் ஒரு வாய் இருக்கிறது. அதை அவர் குடித்து முடித்ததும் என்ன பேசுவார் என்பதை நீங்கள் எழுதுங்கள்.