அக்காவுக்கு ஒரு மேற்கோள்

இரண்டாவதாகப் பிறந்தவர்களுக்குப் புதுச் சட்டை என்பது வெறும் வதந்தி. சின்னவள் அப்படித்தான் வளர்ந்தாள். பெரியவளுக்குக் குட்டையாகிப்போன கவுன், பெரியவள் ஓரமெல்லாம் விடை எழுதி வைத்த பாடப்புத்தகம், பெரியவள் ஓட்டி ஓட்டிச் சங்கிலி தொங்கிப்போன சைக்கிள் என்று எல்லாமே மேலிருந்து கீழேதான் வந்தன. பள்ளியில் ஆசிரியர்கள்கூட அவள் பெயரை மனப்பாடம் செய்யச் சிரமப்படவில்லை. "அவளோட தங்கச்சிதானே" என்று முடித்துக்கொண்டார்கள். சின்னவள் இதையெல்லாம் பெரிதுபடுத்தியதே இல்லை. அக்கா என்றால் அவளுக்கு உயிர்.

அதனால்தான் கைடு மேடம் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பியபோது அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருடம். கொசு எந்த நிறத் தொட்டியில் முட்டையிட விரும்பும் என்பது அவளுடைய ஆய்வு. ஆய்வேட்டை ஒப்புமைச் சோதனைக்குப் போட்டிருந்தார்கள். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. வேறொரு ஊரில், வேறொரு பல்கலைக்கழகத்தில், சில வாரங்களுக்கு முன் இணையத்தில் ஏற்றப்பட்ட ஒரு பிஎச்.டி. ஆய்வேட்டோடு வரிக்கு வரி பொருந்துகிறதாம்.

"இது யாருன்னு தெரியுதா?" என்றார் மேடம்.

"எங்க அக்கா, மேடம்."

"அதான் கேக்கறேன். அக்கா எழுதினதை அப்படியே எடுத்து வச்சா எப்படிம்மா? அவங்க காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க. நீ படிக்கற பொண்ணு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

மேடம் கெட்டவர் அல்ல, அதுதான் இன்னும் கஷ்டம். குரலைத் தணித்துக்கொண்டு வழியும் சொன்னார். "கருத்துத் திருட்டுன்னு ஒருதரம் பேர் வந்துடுச்சுன்னா அப்புறம் ஆராய்ச்சிக்கு உன்னை எங்கயும் சேக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு. அக்காவோட வரிகளுக்கு மேற்கோள் குறி போடு, கீழ அவங்க பேரைப் போடு. பிரச்சினை முடிஞ்சுது."

அக்காவோட வரிகள்! நூலகத்தின் அடித்தளத்தில், டியூப்லைட் இமைத்துக்கொண்டே இருக்கும் அந்த மூலையில், பைண்டு செய்த பழைய தொகுதிகளைத் தும்மித் தும்மிப் புரட்டி அவள் சேர்த்த வரிகள். படித்ததை மூடி வைத்துவிட்டுத் தன் சொல்லில் எழுத வேண்டும், எழுதியதும் எடுத்த இடத்தைக் குறித்துவிட வேண்டும் என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டு எழுதிய வரிகள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்கா லீவுக்கு வந்தப்போ என் கம்ப்யூட்டரைத் தொட்டாளா?"

"ஆமா. நான்தான் பாஸ்வேர்டு சொன்னேன்," என்றாள் அம்மா, நிமிராமல். "ஏதோ அத்தியாயம் முடியலன்னு அழுதுட்டு இருந்தாடி. மாப்பிள்ளை ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம், காலேஜ்ல கெடு ஒரு பக்கம். உன்னோடதைப் பாத்துக்கட்டுமே, ரெண்டு பேருக்கும் கொசுதானேன்னு சொன்னேன். பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போனா. அக்காதானே, அந்நியமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"நீ அன்னிக்கு லைப்ரரியில இருந்தே. எப்பப் பாத்தாலும் அங்கதானே இருக்கே. இல்லன்னா மாடியில. ஊர்ல எல்லாரும் கொசுவை விரட்டறாங்க, நீ ஒருத்திதான் அதுக்குத் தொட்டி கட்டிக் குடுக்கறே."

வழக்கமாக இந்தக் கேலிக்குச் சின்னவள் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. மாடிக்குப் போய், தன் கறுப்பு, வெள்ளை, சிவப்புத் தொட்டிகளுக்கு நடுவே நின்று அக்காவைப் போனில் கூப்பிட்டு, மேடம் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"குட்டி, உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்," என்று ஆரம்பித்தாள் பெரியவள். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்லணும் என்றுதான் இருப்பார்கள். "நான் கேட்டிருந்தா நீ குடுத்திருக்க மாட்டியா?"

"குடுத்திருப்பேன். உக்காந்து உனக்குன்னு தனியா எழுதியே குடுத்திருப்பேன். நீ கேக்கலையே."

"சரி, தப்புதான். ஆனா யோசிச்சுப் பாரு. என் பேரைப் போட்டுட்டா உனக்கு ஒண்ணும் ஆகாது. உண்மையைச் சொன்னா எனக்கு வேலையே போயிடும். அதுவும் இல்லாம, எல்லாரும் எழுதினதைத் தொகுத்ததுதானே அது? நீ என்ன புதுசா கண்டுபிடிச்சிட்டியா?"

திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. திருடிய பொருளை மட்டம் தட்டியதைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் கீழிருந்து மேலே போயிருக்கிறது, அதையும் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அழுது முடித்து, மேடம் சொன்னபடியே செய்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இரண்டு ஆய்வேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, தன் சொந்த வாக்கியத்துக்குத் தானே மேற்கோள் குறி போட்டாள். தன் குழந்தைக்கு அடுத்தவர் பெயரை இனிஷியலாகப் போடுவதுபோல இருந்தது. இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒரு பத்திக்கு வந்ததும் கை நின்றது.

அந்தப் பத்தி மட்டும் இரண்டிலும் ஒன்றாக இல்லை.

தொட்டி நிறம் பற்றிய ஒரு பழைய கட்டுரை. அடித்தளத்துத் தொகுதியில் அதன் கடைசித் தாளை எவனோ ஒரு புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருந்தான். ஜெராக்ஸ் எடுக்கச் சோம்பல். நாற்பத்தோராம் பக்கத்தில் தொடங்கும் கட்டுரை நாற்பத்தாறோடு அறுந்து நின்றது. முடிவு தெரிந்ததுதானே என்று சின்னவளும் முதல் வரைவில் அவசரப்பட்டு எழுதிவிட்டாள்: 'எந்த நீரானாலும் கொசுக்கள் கறுப்புத் தொட்டியையே நாடுகின்றன, பக்கம் 41–46.' எழுதிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. நூலகர் மூலமாக வேறொரு நூலகத்துக்குக் கேட்டு அனுப்பினாள். அக்கா பென்டிரைவைச் செருகிய அன்று அவள் நூலகத்தில் இருந்ததே அந்த விண்ணப்பத்துக்காகத்தான். பிறகு ஸ்கேன் செய்த தாள் வந்தது. அதில் கதையே வேறாக இருந்தது. சுத்தமான தண்ணீரில்தான் கறுப்பு ஜெயிக்கிறது. இலை அழுகிய தண்ணீராக இருந்தால் நிறத்தைக் கொசு சட்டை செய்வதே இல்லை, வாசனைக்குத்தான் போகிறது. சின்னவள் பத்தியைத் திருத்தி, பக்கம் 41–48 என்று மாற்றியிருந்தாள்.

அக்காவின் ஆய்வேட்டில் பழைய தப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. 'எந்த நீரானாலும்.' பக்கம் 41–46.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்ட மேற்கோள் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

மறுநாள் தாள் கிழிந்த தொகுதியையும் ஸ்கேன் பிரதியையும் மேடத்தின் மேசையில் வைத்தாள். மேடம் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார், கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார், அக்காவின் ஆய்வேட்டைத் திறந்து அந்தப் பக்க எண்ணைப் பார்த்தார்.

"அவங்க இதைப் படிக்கவே இல்ல," என்றார் கடைசியில். "நம்ம லைப்ரரியில இருக்கற கிழிசல், அவங்க ஊர் ஆய்வேட்டுல எப்படி வரும்? மன்னிச்சுக்கோம்மா. நேத்து உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." பிறகு, "புகார் எழுதித் தரியா?"

"வேணாம் மேடம். அக்கா பேரைப் போடச் சொன்னீங்களே, அதைப் போட்டுட்டேன்."

திருத்திய பத்தியின் அடிக்குறிப்பைக் காட்டினாள். 'இக்கட்டுரையின் முடிவு அண்மை ஆய்வேடு ஒன்றில் பிழையாகத் தரப்பட்டுள்ளது; கட்டுரையின் கடைசி இரு பக்கங்கள் அங்குக் கணக்கில் கொள்ளப்படவில்லை.' அதன் கீழே அக்காவின் முழுப்பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, பல்கலைக்கழகம், ஆண்டு, பக்கம் எல்லாம் விதிப்படி இருந்தன. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதைப் பாத்தா அவங்க பல்கலைக்கழகத்துல கேள்வி வருமே?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன், மேடம்."

அவளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. அந்தத் தப்பு முதலில் தன்னுடையது என்பதுகூட அவளை உறுத்தியது. ஆனால் அவள் அதைத் தேடிப்போய்த் திருத்தினாள். அக்கா ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அக்கா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால், சாயங்காலம் வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள்.

"அக்கா பேரைப் போட்டியாடி?"

"போட்டேன்மா."

"என் தங்கமே!" அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நேத்துலேர்ந்து அவ சாப்பிடக்கூட இல்ல. இரு, இப்பவே சொல்லிடறேன்." போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "போட்டுட்டாளாம்டி! நான்தான் சொன்னேனே, உன் தங்கச்சி உன்னை விட்டுக் குடுப்பாளா?"

சின்னவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குட்டி, எந்த இடத்துல போட்டேன்னு அக்கா கேக்கறா."

"அவ படிக்காம விட்ட பக்கத்துலன்னு சொல்லு."

அம்மா அதை அப்படியே, சிரித்த முகத்தோடு, போனில் ஒப்பித்தாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"ஹலோ? என்னடி, சத்தமே காணோம்?"