மிச்சமிருந்த சொல்

பக்கவாதம் வந்து எட்டு மாதமாக உபதேசியார் வேதக்கண்ணின் வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். மூதி. தண்ணீர் வேண்டுமென்றாலும் மூதி, முதுகு வலித்தாலும் மூதி. முப்பத்தெட்டு வருடம் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கோயில்களில் வேதம் வாசித்து, சாவு வீடுகளில் ஆறுதல் சொன்ன வாய். எல்லாம் ஒரே நாளில் அழிந்து, அவர் யாரையும் பார்த்துச் சொல்லியிராத வசவு மட்டும் தங்கிவிட்டது. மனசுக்குள் எல்லாம் இருக்கிறது, வாய்க்கு வழிதான் அடைத்துவிட்டது, சிலருக்கு இப்படித்தான் ஆகும் என்றார் பாளையங்கோட்டை டாக்டர். மனைவி நேசக்கனிக்கு அது புரிந்தது. சபைக்குப் புரியுமா?

கதவைச் சாத்திவிட்டாள். யார் பார்க்க வந்தாலும், "அவிய தூங்குதாவ" என்பாள். வீட்டுக்கே வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுப்பதாகக் குருவானவர் மூன்று முறை சொல்லியனுப்பினார். மூன்று முறையும் ஒரு சாக்கு. கிறிஸ்மஸ் போனது, ஈஸ்டரும் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் வேதக்கண் நல்ல கையால் கட்டிலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயை மட்டும் தடுக்க முடியவில்லை. அவள் பின்வாசல் வழியாக வருபவள்.

"மூதி" என்றார் அவளைப் பார்த்ததும்.

"ஆமா, மூதிதான் வந்திருக்கேன். எங்க வீட்டு மனுசன் ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லுதாரு. நீங்க சொன்னாத்தான் அண்ணாச்சி கேக்க நல்லாருக்கு."

நேசக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒனக்கென்ன. அப்பத்தைக் கையில வச்சிக்கிட்டு ஐயா நிக்கும்போது இப்படிச் சொன்னா, ஆண்டவரையே ஏசுன மாதிரி ஆயிராதா?"

"ஏன் மதினி, முப்பத்தெட்டு வருசம் பேசுன ஆளு. ஒங்க ஆண்டவருக்கு ஆளு தெரியாதா?"

"போட்டீ, போய் வேலையப் பாரு."

அடுத்த சனிக்கிழமை குருவானவர் சொல்லாமலே வந்து நின்றார். முப்பது வயதுதான் இருக்கும். கையில் திருவிருந்துப் பெட்டி.

"அவிய தூங்குதாவ ஐயா."

உள்ளேயிருந்து, "மூதி" என்று சத்தம் வந்தது.

"முழிச்சிட்டாங்க போலிருக்கேம்மா" என்றார் அவர்.

இனி மறைக்க வழியில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். "நடுவுல சொல்லிருவாவ ஐயா. எங்கனன்னு சொல்ல முடியாது."

"சொல்லட்டும்மா" என்றார். அவருக்கும் பயம்தான். வெள்ளைத் துணியை விரித்து, சரியில்லையென்று மறுபடி விரித்தார்.

நேசக்கனி கட்டிலோரம் உட்கார்ந்தாள். வாய் திறந்தால் பொத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். குருவானவர் அப்பம் கொடுத்தார், வேதக்கண் விழுங்கினார். கிண்ணத்தை உதட்டில் வைத்தார், கொஞ்சம் வழிந்தது, அவள் துடைத்தாள். கடைசியில் ஸ்தோத்திர ஜெபம். குருவானவர் ஜெபப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடுவதற்குள் வேதக்கண் நல்ல கையை உயர்த்திவிட்டார்.

"மூதி... மூதி, மூதி... மூதீ..."

பொத்தப் போன அவள் கை பாதியில் நின்றது. இது தண்ணீர் கேட்கிற குரல் இல்லை. வலியும் இல்லை. தாழ்வாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, பைய இறங்கியது. கலியாணமான நாளிலிருந்து விடியற்காலையில் அவள் கேட்டுவந்த ராகம். கேட்க வேண்டியதையெல்லாம் அவர் ராத்திரி ஜெபத்தில் கேட்டுவிடுவார். விடிந்ததும் முற்றத்தில் நின்று செய்யும் ஜெபத்தில் ஒன்றும் கேட்கமாட்டார். நீர் நல்லவர், நீர் பெரியவர் என்று ஆண்டவரிடம் ஆண்டவரைப் பற்றியே சொல்லிக்கொண்டு போவார். காப்பி ஆறிப்போகும். இவ்வளவு நேரம் என்னத்தத்தான் புகழுதாவ என்று அவள் அடுப்படியில் முணுமுணுத்திருக்கிறாள்.

இந்த இடத்தில் மூச்சு வாங்குவார். வாங்கினார். இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். தழுதழுத்தது. ஒன்றும் அழிந்துபோகவில்லை. வார்த்தை மட்டும்தான் வேறு.

அவள் தன் கையை அவர் முழங்காலில் வைத்தாள்.

சத்தம் நின்றது. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் குருவானவர் கண்ணை மூடியபடி நின்றார். நேசக்கனிக்குத் தெரியும்.

"ஆமென்" என்றாள், தெருவுக்குக் கேட்கிற மாதிரி.